புவெப்லோ முறையில் ஒரு கருப்புப் பானை: மண் எடுப்பதிலிருந்து மூட்டம் பிரிப்பது வரை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சான் இல்டெஃபான்சோ, சாண்டா கிளாரா என்ற புவெப்லோ பழங்குடி ஊர்களில் செய்யப்படும் பளபளப்பான கருப்புப் பானைதான் இந்த வழிகாட்டியின் பொருள். சக்கரம் கிடையாது. சூளை கிடையாது. கடையில் வாங்கும் மெருகுப் பூச்சும் கிடையாது. மண், எரிமலைச் சாம்பல், ஒரு கூழாங்கல், வரட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் திறமைக் குறைவால் தோற்பதில்லை, வரிசையை மாற்றித் தோற்கிறார்கள். தீயில் வெடிக்கும் பானையைப் பார்த்துத் தீயைக் குறை சொல்வார்கள். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், மண் ஊறவைத்த நாளிலோ உலர்த்திய வாரத்திலோ அது கிடைக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்பதோடு, ஏன் அந்த இடத்தில் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை

மண் எங்கிருந்து வரும் என்பது முதல் கேள்வி. நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோ ஊர்கள் இருக்கின்றன. அரிசோனாவில் ஹோப்பி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அந்த நிலங்களில் வெளியாட்கள் மண் எடுக்கக் கூடாது. ஒரு குடும்பம் மண் எடுக்கும் இடம் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் இருப்பது அங்கே வழக்கம். மண்ணைத் தாயாகக் கருதி, அனுமதி கேட்டு, வேண்டிய அளவு மட்டும் எடுப்பார்கள். நீங்கள் தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள்.

பழைய ஓட்டுச் சில்லுகளைத் தரையிலிருந்து பொறுக்கவே கூடாது. அமெரிக்காவின் பொது நிலங்களிலும் பழங்குடி நிலங்களிலும் தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய வடிவங்களைப் பார்க்க வேண்டுமானால் நியூ மெக்சிகோவின் போவாக்கே ஊரில் உள்ள போயே பண்பாட்டு மையத்துக்குச் செல்லுங்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்து, தேவா மொழி பேசும் புவெப்லோ மக்களின் 100 பானைகள் 2019இல் அங்கே திரும்பி வந்தன. வேலையைத் தொடங்கும் முன் நல்ல பானைகளைப் பக்கவாட்டிலிருந்தும் விளிம்பிலிருந்தும் நிறைய நேரம் பார்த்திருப்பது எந்தப் பாடத்தையும்விட உதவும்.

மூன்றாவது விஷயம் நேர்மை. முறையைக் கற்கலாம்; ஆனால் அந்த மக்களில் ஒருவராக இல்லாதவர் தன் பானையை ‘புவெப்லோ பானை’ என்று விற்கக் கூடாது. 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. நீர்ப்பாம்பான அவான்யு, சாண்டா கிளாராவின் கரடிப் பாதம் போன்ற சின்னங்களுக்கு அந்த மக்களிடம் பொருள் உண்டு. அவற்றைப் பிரதி எடுக்காதீர்கள். உங்கள் கோடுகளை நீங்களே கண்டுபிடியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

களிமண், எரிமலைச் சாம்பல், செங்காவி மண் என்று மண் வகை மூன்று. கருவிகளில் முதன்மையானது பூக்கி. பானையின் அடிப்பகுதியைத் தாங்கும் ஆழமில்லாத கிண்ணத்துக்கு அதுதான் பெயர். பழைய மண் தட்டு ஒன்று போதும். காய்ந்த சுரைக்குடுக்கையை உடைத்து வெவ்வேறு வளைவுகளில் நான்கைந்து ஓடுகள் வைத்துக்கொள்ளுங்கள், அவைதான் சுரண்டுகோல்கள்.

மெருகேற்ற ஆற்றுக் கூழாங்கல் வேண்டும். கல்லை நகத்தால் தடவிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருந்தாலும் அது பானை முழுவதும் கோடு போடும். புவெப்லோ குடும்பங்களில் இந்தக் கற்கள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகின்றன. பல ஆண்டு தேய்ந்த கல்லின் வழவழப்பு புதுக் கல்லில் வராது.

எரிப்பதற்குக் காய்ந்த மாட்டு வரட்டி, மெல்லியதாகப் பிளந்த ஜூனிப்பர் என்ற ஊசியிலை மர விறகு, தகரத் தகடுகள், இரும்புக் கம்பித் தட்டி, நன்றாகக் காய்ந்து பொடியான குதிரைச் சாணம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்க்கத் தொடங்குங்கள். வரட்டியும் விறகும் சாணமும் காய்வதற்குப் பானையைவிட அதிக நாள் ஆகும். பானை தயாராகி, சாணம் ஈரமாக இருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

3. மண்ணைச் சோதித்தல்

ஈர மண்ணை விரல் தடிமனில் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் வனையத் தகுந்தது. அடுத்து, காய்ந்த கட்டியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள். அந்த மண் எவ்வளவு நன்றாக வளைந்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

கடையில் விற்கும் நயமான களிமண்ணை வாங்கி இந்த முறையில் எரிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அந்த மண் மூடிய சூளையில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. திறந்தவெளித் தீயில் சில நிமிடங்களிலேயே வெப்பம் எகிறிவிடும். நயமான மண்ணுக்குள் நீராவி வெளியேற வழியில்லை, பானை சிதறிவிடும்.

4. முதலில் காயவைத்து, பிறகு ஊறவைத்தல்

எடுத்து வந்த ஈரமண்ணை அப்படியே தண்ணீரில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. பாதி ஈரமான கட்டி தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தாலும் கரையாது. கட்டியை உடைத்து வெயிலில் எலும்பு போலக் காயவிடுங்கள். முழுவதும் காய்ந்த மண்ணைத் தண்ணீரில் போட்டால் துளைகளில் நீர் வேகமாகப் புகுந்து, கண் முன்னாலேயே அது பொலபொலவென உதிரும்.

கரைந்த குழம்பை நயமான சல்லடையில் வடிகட்டி வேர், கல், கூளத்தை நீக்குங்கள். தெளிந்து மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, குழம்பைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இதை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

5. சாம்பல் கலத்தல்

வட நியூ மெக்சிகோவில் பழைய எரிமலைகள் விட்டுச்சென்ற வெளிர் சாம்பல் படிவுகள் உண்டு. தேவா ஊர்களின் குயவர்கள் அதைச் சலித்து மண்ணில் கலக்கிறார்கள். அகோமாவில் அந்த வேலையைப் பழைய ஓட்டை இடித்த தூள் செய்கிறது. தாவோஸ், பிகுரிஸ் ஊர்களில் மண்ணிலேயே அபிரகம் (மைக்கா) இருக்கிறது. அந்தச் சட்டிகளில் அவரை விதைகளை வேகவைக்க முடிவதற்கு அதுதான் காரணம்.

களிமண் ஈரம் வற்றச் சுருங்கும். சாம்பல் சுருங்காது. அதன் துகள்கள் களிமண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளிகளை விட்டுவைக்கின்றன. உலரும்போது ஈரமும், எரியும்போது ஆவியும் அந்த வழியாகத்தான் வெளியேறும். சூட்டில் சுவர் சட்டென்று விரியும்போது விரிசல் ஓடாமல் தடுப்பதும் அதுவே.

களிமண் இரண்டு பங்கு, சாம்பல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். ஆனால் அந்த அளவை நம்பி நின்றுவிடாதீர்கள். ஒரு பட்டை செய்து, ஈரமாக இருக்கும்போதே 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். கோடு 9 செ.மீ.க்கும் கீழே போயிருந்தால் சாம்பல் போதாது. வளைக்கும்போது ஓரம் பிளந்தால் சாம்பல் மிகுதி. கைப் பழக்கம் வந்தவர்கள் ஒரு சிட்டிகை மண்ணைத் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

நன்றாக மிதித்துப் பிசைந்து, ஈரத்துணியில் சுற்றிச் சில வாரங்கள் வைத்துவிடுங்கள். உடனே வனைந்த மண்ணுக்கும் புளித்த மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் திரி உருட்டும்போதே கை உணரும்.

6. பூக்கியில் அடி, அதன் மேல் திரி

முதல் பானை உங்கள் இரு கைக்குள் அடங்கும் அளவில் இருக்கட்டும். பூக்கியின் உட்புறம் சாம்பல் தூவுங்கள். தூவாவிட்டால் பானை அடி ஒட்டிக்கொண்டு, சுருங்கும்போது கிழியும். மண்ணை வட்டமாகத் தட்டிப் பூக்கிக்குள் அழுத்தி, விளிம்புக்கு மேலே ஒரு விரல் அளவு ஏற்றிவிடுங்கள். திரி சேரும் இடம் பூக்கியின் விளிம்பிலேயே வந்தால் பின்னால் அந்த வட்டத்தில்தான் விரிசல் விடும்.

திரியை உள்பக்கமாக வைத்து, உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாக இழுத்து இணையுங்கள். திரிக்கும் திரிக்கும் நடுவே காற்று சிக்கக் கூடாது. இரண்டு மூன்று சுற்று ஏறியதும் நிறுத்துங்கள். அடிச்சுவர் கொஞ்சம் இறுகினால்தான் மேல்சுவரைத் தாங்கும்.

சக்கரத்தில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரே மூச்சில் பானையை முடிக்கப் பார்க்கிறார்கள். சுவர் தொய்ந்து சரிகிறது. இந்த முறையில் முதலில் நேரான உருளைதான் எழும்பும். வயிறு பிறகு வருகிறது: நனைத்த சுரை ஓட்டின் குவிந்த பக்கத்தை உள்ளே வைத்து, வெளியே இடக்கையைத் தாங்கலாகக் கொடுத்து, மெல்ல வெளித்தள்ளுவீர்கள். அப்படித் தள்ளும்போது சுவர் மெலியும் என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் தடிமனாகவே விடுங்கள்.

பள்ளம் வெட்டிச் செதுக்கும் வேலை ஏதாவது இருந்தால், மண் தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து தோல் போல உறுதியாக, இருக்கும்போது அதைச் செய்துவிட வேண்டும். சாண்டா கிளாராவின் குயவர் மார்கரெட் டஃபோயா செய்த பெரிய ஜாடிகளில் ஆழமாகச் செதுக்கிய கோடுகள் இருக்கும். காய்ந்த பிறகு கத்தி வைத்தால் ஓரம் பொரிந்துவிடும்.

7. உலர்த்துதல்

நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மிகவும் வறண்டது. விளிம்பு ஒரு நாளில் காய்ந்து சுருங்கும். அடி ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில்தான் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரிசல் இறங்குகிறது.

விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி, காற்றோட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். அடி வெளுக்கத் தொடங்கிய பிறகு துணியை எடுங்கள். விரிசல் வந்துவிட்டால் ஈர மண்ணால் பூசி மறைக்காதீர்கள். பூசிய மண் மீண்டும் சுருங்கும். தீயில் அதே கோடு மறுபடி திறக்கும். அந்தப் பானையை உடைத்து ஊறவைத்தால் நல்ல மண் திரும்பக் கிடைக்கும்.

8. தேய்த்தல்

முழுவதும் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து மேடு பள்ளங்களை நீக்குங்கள். முன்பு மணற்கல்லால் செய்த வேலை இது. வெளியில் உட்கார்ந்து, முகக்கவசம் அணிந்துதான் தேய்க்க வேண்டும். களிமண் தூசியும் எரிமலைச் சாம்பலும் நுரையீரலுக்குக் கேடு. கடைசியில் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுக் காயவிடுங்கள்.

இங்கே விட்ட கீறல் எதையும் மெருகு மறைக்காது. மெருகு ஏறினால் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

9. காவி பூசி மெருகேற்றுதல்

முழு வேலையிலும் நிறுத்தவே முடியாத படி இது. அதனால் கைப்பேசியை அணைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

செங்காவி மண்ணைத் துணியில் வடிகட்டி மோர் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் பானை மேல் மெல்லிய படலமாகப் பல முறை பூச வேண்டும். ஒரே பூச்சாகத் தடிமனாகப் பூசினால் அது பானையோடு ஒட்டாமல் செதிளாக உரியும். கடைசிப் பூச்சின் ஈர மினுக்கம் மறைந்து, தொட்டால் விரலில் ஒட்டாத கணத்தில் கல்லை எடுக்க வேண்டும்.

முன்னதாக எடுத்தால் கல் காவியைக் கிளப்பிவிடும். தாமதித்தால் கல் வழுக்காமல் கிறீச்சிடும். அந்த இடம் கீறலாகவே நின்றுவிடும். காதைக் கல்லின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். சத்தம் மாறினால் அந்தப் பகுதி காய்கிறது.

மேலிருந்து கீழாக, ஒரே திசையில், கோட்டோடு கோடு சேர்த்து இழுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் குறுக்காக அடுத்த சுற்று. காவியின் நுண்துகள்கள் படுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதால்தான் பளபளப்பு வருகிறது. எண்ணெயோ கண்ணாடிப் பூச்சோ அதற்குக் காரணம் இல்லை. கல்லின் கீழே ஒரு மணல் துகள் சிக்கினால் உடனே உணர்வீர்கள்: சர்ரென்று ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். நிறுத்தி, கல்லைத் துடைத்து, அந்த இடத்தைத் துளி ஈரத்தால் மென்மையாக்கிச் சரிசெய்யுங்கள். இரண்டாவது முறை தவறினால் காவி முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

பலர் கடைசி மெருகுக்கு முன் சிறிது கொழுப்பைத் துணியில் தொட்டுத் தடவுகிறார்கள். மேற்பரப்பு இன்னும் சில நிமிடம் மென்மையாக இருக்க அது உதவும். மெருகு முடிந்த பானையை வெறுங்கையால் தொடாதீர்கள். கட்டைவிரல் ரேகை தீயிலும் போகாது.

10. மங்கல் கோடு வரைதல்

கருப்பின் மேல் கருப்பு என்று பேர்பெற்ற முறையை சான் இல்டெஃபான்சோவின் குயவர் தம்பதி மரியா மார்டினஸும் ஜூலியன் மார்டினஸும் முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் உருவாக்கினார்கள். பளபளப்பான பரப்பின் மேல் மெருகேற்றாத மண்பூச்சால் கோடு வரைவார்கள். எரித்த பிறகு இரண்டும் கருப்பாகும். வரைந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். அந்தப் பூச்சு ஒட்டிக்கொள்ள குவாக்கோ என்ற செடியைக் கொதிக்கவைத்து இறுக்கிய சாற்றைச் சேர்ப்பது வழக்கம்.

தூரிகை யூக்கா என்ற வறண்ட நிலச் செடியின் இலையில் செய்யப்படுகிறது. இலையின் நுனியை மென்று சதையை நீக்கி, வேண்டிய நார்களை மட்டும் விட்டுவைக்க வேண்டும். நார் நீளமாக இருந்தால் நேர்கோடு எளிது.

வரைந்த கோட்டை அழிக்க வழியில்லை. துடைத்தால் கீழே இருக்கும் மெருகும் போய்விடும். அதனால் வடிவத்தை முதலில் காகிதத்தில் போட்டு, பானையின் சுற்றளவை நூலால் அளந்து பிரித்துக்கொண்டு வரையுங்கள்.

11. சூடேற்றி வைத்தல்

காய்ந்ததாகத் தோன்றும் பானைக்குள்ளும் ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. அடுப்படி ஓவனில் 90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, பிறகு மெல்ல 200 வரை ஏற்றுங்கள். சூடாக இருக்கும்போதே தீ மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிரவிட்டால் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். திறந்த தீயில் வெடிக்கும் பானைகளில் பெரும்பாலானவை இந்தப் படியைச் சுருக்கியவர்களுடையவை.

12. தீ மூட்டுதல்

விடியற்காலையில், காற்று எழும் முன் மூட்டுங்கள். நியூ மெக்சிகோவின் வசந்தகாலக் காற்று பலமானது; காட்டுத்தீ எச்சரிக்கையும் அப்போது அடிக்கடி இருக்கும். தடை உத்தரவு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் மண்வெட்டியும் பக்கத்தில் இருக்கட்டும்.

தரை ஈரமாக இருக்கக் கூடாது. பானை வைக்கும் முன் அதே இடத்தில் சிறிய தீ மூட்டித் தரையைக் காயவையுங்கள். நான்கு கற்கள் மேல் கம்பித் தட்டி, அதன் கீழே ஜூனிப்பர்ச் சிராய். பானைகளைக் கவிழ்த்து, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். சுற்றிலும் மேலேயும் தகரம், தகரத்துக்கு வெளியே வரட்டி. வரட்டியோ தீ நாக்கோ பானையை நேரடியாகத் தொட்டால் அந்த இடத்தில் திட்டு விழும்.

எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் பற்றவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பானையின் ஒரு பாதி விரிந்து மறுபாதி விரியாமல் பிளக்கும். நமக்கு வேண்டிய வெப்பம் சுமார் 650 முதல் 750 டிகிரி. தகர இடுக்கு வழியாகப் பார்த்தால் பானை மங்கலான சிவப்பாகக் கனலும்; விடியலின் அரையிருட்டில் இது நன்றாகத் தெரியும் என்பது அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம். இன்னும் சூடேற்றினால் பானை உறுதியாகும் என்று விறகைப் போட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன். உறுதி கொஞ்சம் கூடும், பளபளப்பு மொத்தமும் போகும்.

13. மூட்டம் போடுதல்

இப்படியே எரிந்து தணியவிட்டால் சிவப்புப் பானை கிடைக்கும். கருப்பு வேண்டுமானால், கனல் நிலையில் இருக்கும்போதே குதிரைச் சாணப் பொடியை வாளி வாளியாகக் கொட்டி முழுக் குவியலையும் மூடுங்கள். அதன் மேல் சாம்பலும் உலர்ந்த மண்ணும்.

உள்ளே காற்று நின்றுவிடும். பொடி எரிய முடியாமல் கனத்த புகையை விடும். காவியிலுள்ள இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து கருப்பாகும். புகையின் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் படியும். கருப்பு மேலே பூசிய வண்ணமாக இல்லாமல் பானையின் மேற்பரப்போடு ஒன்றாகிவிடுவது இதனால்தான்.

மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருங்கள். எங்கேயாவது புகை கீற்றாகப் பீறிட்டால் அங்கே காற்றும் உள்ளே போகிறது. உடனே ஒரு பிடி பொடியால் அடையுங்கள். பொடி ஈரமாக இருந்தால் நீராவி எழுந்து பானையைத் தாக்கும். சாணத்தை முன்பே காயவைக்கச் சொன்னது இதற்காக.

அனுபவமுள்ள குயவர்கள் சூடாக இருக்கும்போதே நீண்ட கம்பால் பானையைத் தூக்கிவிடுவார்கள். புதியவர்கள் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது. சூடான பானைக்குக் காற்றுப் பட்டால் கருப்பு மறுபடி பழுப்பாக மாறலாம். குளிர்காற்று பட்டால் டங்கென்று பிளக்கும். மூட்டம் தானாக ஆறும் வரை காத்திருங்கள்.

14. எடுத்த பிறகு

மென்மையான துணியால் சாம்பலைத் துடையுங்கள். சுண்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மந்தமாகத் தட்டினால் எங்கோ விரிசல் இருக்கிறது. பழுப்புத் திட்டு விழுந்திருந்தால், பானை முழுதாக இருக்கும் பட்சத்தில் மறுபடி சூடேற்றி மூட்டம் போடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உடையும் வாய்ப்பு இருக்கிறது.

இந்தப் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கக் கூடாது. குறைந்த சூட்டில் எரிந்த சுவர் நீரை உறிஞ்சி, மெருகு கொப்பளித்து உரியும். சமைக்கும் ஆசை இருந்தால் அபிரக மண்ணில் தனியாகச் செய்யுங்கள்.

உடனே யாருக்கும் கொடுத்துவிடாமல் சில வாரங்கள் அலமாரியில் வையுங்கள். மண்ணில் சுண்ணாம்புத் துகள் தப்பியிருந்தால், அது தீயில் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, மேற்பரப்பைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். சில்லு விழுந்த குழியின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், சல்லடையையோ தீயையோ மாற்றிப் பயனில்லை. மண் எடுக்கும் இடத்தை மாற்றுங்கள்.